மெனோர்காவின் குதிரைப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெனோர்கா தீவின் கடற்கரையைச் சுற்றி நடந்துவிட்டு வந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

மெனோர்காவா, மயோர்காவா? எங்கேதான் இருக்கு இது?

மெனோர்கா. ஸ்பெயினுக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் பலேரிக் தீவுகளில் ஒன்று. எல்லாரும் கேள்விப்பட்ட மயோர்கா இதன் பெரிய அண்ணன், அடுத்த தீவு. மெனோர்கா கிழக்கு மேற்காக 50 கி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். கிழக்குப் பக்கம் தலைநகர் மாவோ, மேற்குப் பக்கம் பழைய தலைநகர் சியுதடெயா. இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலை தீவின் நடுவாகப் போகிறது. கடற்கரையை ஒட்டி முழுச் சுற்றும் சுற்றி வருவது ‘காமி தெ கவால்ஸ்’, அதாவது குதிரைப் பாதை.

மொத்தம் 185 கி.மீ. ஜிஆர் 223 என்ற எண்ணில் ஸ்பெயினின் நெடுந்தூர நடைபாதைகளில் ஒன்றாகப் பதிவானது. 20 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மாவோவில் தொடங்கி வடக்கே ஏறி, மேற்கே போய், தெற்குக் கரை வழியாகத் திரும்பி மாவோவுக்கே வந்து சேர்கிறது. பார்சிலோனாவிலிருந்து விமானமும் உண்டு, கப்பலும் உண்டு. மயோர்காவின் அல்குதியாவிலிருந்து சியுதடெயாவுக்கும் கப்பல் வருகிறது.

குதிரைப் பாதைன்னா குதிரையிலதான் போகணுமா?

வேண்டாம். நடந்தும் போகலாம், மலை சைக்கிளிலும் போகலாம், குதிரையிலும் போகலாம். மூன்றுக்கும் அனுமதி இருக்கிறது. நடப்பவர்கள்தான் அதிகம்.

பெயருக்குக் காரணம் காவல். மெனோர்காவில் நிலம் வைத்திருந்தவர்கள் தீவின் பாதுகாப்புக்காக ஆயுதத்தோடு ஒரு குதிரையைப் பராமரிக்க வேண்டும் என்ற கட்டளை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அதற்கு அவசியமும் இருந்தது. 1535இல் துருக்கியக் கடற்படைத் தலைவன் பார்பரோசாவின் படை மாவோவைச் சூறையாடியது. 1558இல் துருக்கியக் கடற்படை சியுதடெயாவை அழித்து, மக்களை அடிமைகளாகப் பிடித்துப்போனது. அந்தத் துயரத்தை ஆண்டுதோறும் ஜூலை 9 அன்று ஊரே இன்றும் நினைவுகூர்கிறது. காவல் கோபுரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வீரர்கள் குதிரையில் போய்வந்த வழிதான் இந்தப் பாதை. பிறகு 18ஆம் நூற்றாண்டில் தீவு பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஸ்பானியக் கைகளில் மாறி மாறி இருந்தபோதும் பயன்பட்டது.

மலையேற்ற அனுபவமே இல்லை. என்னால முடியுமா?

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற பழக்கம் இருந்தால் முடியும். தீவின் உச்சியான எல் தோரோ குன்றே 358 மீட்டர்தான், பாதை அதன் மேல் ஏறுவதும் இல்லை. ஒரே கட்டத்தின் அதிகபட்ச நீளம் 13.6 கி.மீ. பலவும் 6 முதல் 10 கி.மீ.க்குள் அடங்கும்.

ஆனால் ‘சமதளம்’ என்று நம்பிப் போகாதீர்கள். வடக்குக் கரையில், குறிப்பாக பினிமெலாவிலிருந்து எல்ஸ் அலோக்ஸ் வரையிலும், அங்கிருந்து அல்கயாரென்ஸ் வரையிலும், ஒரு குடாவில் இறங்கி, ஏறி, அடுத்த குடாவில் இறங்கி, மறுபடி ஏறி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஏற்றமும் சிறியதுதான், நாள் முழுக்கச் சேர்ந்தால் முழங்கால் பேசும். அம்மா அப்பாவோடோ பிள்ளைகளோடோ போகிறவர்கள் இந்த இரண்டு கட்டங்களை விட்டுவிட்டு மற்றவற்றில் தேர்ந்தெடுக்கலாம். கலா கல்தானா, துர்கேட்டா பக்கமெல்லாம் பைன் மர நிழலிலேயே நடக்கலாம்.

முழுச் சுற்றுக்கு எத்தனை நாள் வேணும்?

பெரும்பாலானவர்கள் 8 முதல் 10 நாளில் முடிக்கிறார்கள், நாளுக்கு இரண்டு கட்டம் என்ற கணக்கில். வேகமாக நடப்பவர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். இந்த 185 கி.மீ.யையும் ஒரே மூச்சில் ஓடும் பந்தயம்கூட நடக்கிறது. அது வேறு உலகம்.

நான் சொல்வது, லீவு இருந்தால் 10 நாளுக்குக் குறைக்காதீர்கள். மெனோர்காவில் ஒரு குடாவைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கத்தான் மனம் போகும். அதற்கு நேரம் இல்லாமல் கிலோமீட்டர் எண்ணிக்கொண்டு ஓடினால் அந்தத் தீவுக்குப் போயே இருக்க வேண்டாம்.

எந்த மாசம் போறது நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை. வசந்தத்தில் காட்டுப் பூக்கள் நிறைந்திருக்கும், கடல் மட்டும் குளிராக இருக்கும். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பு, நிலம் காய்ந்து பழுப்பு.

‘நாங்க சென்னை வெயிலையே பார்த்தவங்க’ என்று சொல்லி ஜூலை, ஆகஸ்ட்டில் கிளம்புகிறவர்களுக்கு: வெப்பமானி 30 டிகிரிதான் காட்டும். ஆனால் அது நிழலே இல்லாத பாறைமேல் ஐந்து மணி நேரம். கூடவே அறை வாடகை உச்சத்தில் இருக்கும். நவம்பருக்குப் பிறகு போனால் கடலோர ஊர்களில் பாதி ஓட்டல் மூடியிருக்கும், பஸ்ஸும் குறைந்துவிடும். ஜூன் 23, 24 தேதிகளில் சியுதடெயாவில் சான்ட் ஜோவான் திருவிழா. கறுப்புக் குதிரைகள் கூட்டத்தின் நடுவே பின்னங்காலில் எழுந்து நிற்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அறை பல மாதம் முன்பே போய்விடும்.

நாலு நாள்தான் இருக்கு. எந்தப் பகுதியை நடக்கலாம்? தெற்குதான் அழகுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

படங்களில் வருவது தெற்கு. வெள்ளை மணல், பச்சை நீலத் தண்ணீர், சுண்ணாம்புப் பாறை, பைன் மரம். மகரேயா, மகரெயெட்டா, துர்கேட்டா, மித்ஜானா எல்லாம் அந்தப் பக்கம். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மெனோர்காவை மெனோர்காவாக்குவது வடக்கு என்பேன்.

காரணம் பாறை. தீவின் தெற்குப் பாதி ஒப்பீட்டளவில் இளைய சுண்ணாம்புக்கல். வடக்குப் பாதி அதைவிடப் பல கோடி ஆண்டுகள் பழையது. ஃபவாரிட்ச் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஒரு மரம் கிடையாது. கறுப்புப் பலகைக்கல் தகடு தகடாகச் செங்குத்தாக நிற்கும், காலடியில் உடைந்து சலசலக்கும், அதன் நடுவே வெள்ளைக் கோபுரம். அங்கிருந்து மேற்கே தள்ளி கவலேரியா கடற்கரையில் மண் சிவப்பு. பிரெகோண்டாவில் செம்பொன் மணலும் கடலுக்குள் நிற்கும் பாறைத்தீவுகளும். இத்தனை நிறம் இவ்வளவு சிறிய தூரத்துக்குள் மாறுவதைத் தெற்கில் பார்க்க முடியாது.

நாலு நாளுக்கு என் யோசனை இது. முதல் நாள் மாவோவிலிருந்து எஸ் கிராவ், 10 கி.மீ. அங்கே அல்புஃபெரா என்ற ஏரியும் சதுப்பும் இருக்கிறது, பறவை பார்ப்பவர்கள் சாயங்காலம் வரை நகரமாட்டார்கள். இரண்டாம் நாள் பினிமெலா வரை டாக்சியில் போய், பிரெகோண்டா தாண்டி முடிந்தவரை நடந்து திரும்புங்கள். மூன்றாம் நாள் கலா மொரெயிலிருந்து புந்தா நாத்தி வழியாக சியுதடெயா, 17.5 கி.மீ. நான்காம் நாள் கலா கல்தானாவிலிருந்து மகரேயா வழியாகத் துர்கேட்டா போய் வாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 13 கி.மீ.தான், தெற்கும் பார்த்தாகிவிடும்.

புந்தா நாத்தி வெறும் கல்லுக்காடுன்னு கேள்விப்பட்டேன். அதை ஏன் பட்டியல்ல வச்சிருக்கீங்க?

கல்லுக்காடேதான். அதனால்தான். உப்புக் காற்று எதையும் வளரவிடாத வெற்று நிலத்தில், ஆடு மாடு ஒதுங்குவதற்காகச் சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிப் படிப்படியாகக் குறுகும் கூடுகள் கட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சின்னப் பிரமிடு என்றே நினைப்பீர்கள். கொட்டிக் கிடந்த கல்லைப் பொறுக்கி நிலத்தைச் சுத்தம் செய்து, பொறுக்கிய கல்லிலேயே சுவரும் கூடும் கட்டிய மக்கள். இப்படிச் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை, மத்தியதரைக் கடலோர நாடுகள் பலவற்றோடு ஸ்பெயினையும் சேர்த்து, 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றியது.

அங்கிருக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1910 பிப்ரவரியில் மார்சேயிலிருந்து அல்ஜியர்ஸ் போன ‘ஜெனரல் ஷான்சி’ என்ற பிரெஞ்சுக் கப்பல் புயலில் இந்தக் கரையில் மோதி உடைந்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகே, 1913இல், புந்தா நாத்தி விளக்கு எரியத் தொடங்கியது.

வழி தவறிடுவேனோன்னு பயமா இருக்கு. வழிகாட்டி வேணுமா?

தேவையில்லை. மரக் கம்பங்கள் நட்டு, சிவப்பு வெள்ளைக் கோடு போட்டு, பாதையின் சின்னத்தையும் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் தூரமும் வரைபடமும் கொண்ட பலகை உண்டு. குழப்பம் வருவது ஊருக்குள்தான். சியுதடெயாவுக்குத் தெற்கேயும், தென்கிழக்கில் பினிசஃபூயெர் பக்கமும் வீட்டு வரிசைகளுக்கு நடுவே தார்ச்சாலையில் நடக்க வேண்டியிருக்கும், அங்கே கம்பம் கண்ணில் படாது. போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமலும் திறக்கும்படி.

தண்ணி வழியில கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பாதை கடலை ஒட்டிப் போகிறது, குடிநீர் ஊர்களில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடங்கள் குறைவு. ஓடை என்று வரைபடத்தில் இருப்பது கோடையில் வெறும் மணல்.

ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்துகொண்டு கிளம்புங்கள். கடினமான இடைவெளி வடக்கில் கலா திராந்திலிருந்து கலா மொரெய் வரை, நான்கு கட்டம், 33.6 கி.மீ. நடுவில் பினிமெலாவில் பருவத்தில் மட்டும் திறக்கும் உணவகம் உண்டு. அதை நம்பிக் காலி பாட்டிலோடு போகக் கூடாது. தெற்கில் கலா கல்தானா, சான்ட் தோமாஸ், சோன் போவ், கலா என் போர்டெர் என்று விடுதி ஊர்கள் வரிசையாக வருவதால் கவலை குறைவு. அவையும் குளிர்காலத்தில் அடங்கிவிடும்.

டென்ட் எடுத்துட்டுப் போய் கடற்கரையிலேயே படுத்துக்கலாமா?

கூடாது. கண்ட இடத்தில் கூடாரம் போடுவதும், கூடாரம் இல்லாமல் படுத்துத் தூங்குவதும் தடை, அபராதமும் உண்டு. நெருப்பு மூட்டவே கூடாது. தீவு முழுக்க 1993 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். கோடையில் ஒரு பொறி போதும், பைன் காடு போய்விடும்.

முறையான கூடார முகாம்கள் தெற்கில் இருக்கின்றன, சோன் போவ் அருகே ஒன்று, கலா கல்தானா போகும் வழியில் ஒன்று. வடக்கில் டென்டை நம்ப முடியாது.

அப்போ வடக்குல ராத்திரி எங்கே தங்குறது? பஸ் ஏதாவது உண்டா?

பாதையைக் கஷ்டமாக்குவது நடை இல்லை, இதுதான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நடக்க நடக்க இடம் மாறுவது: எஸ் கிராவ், அரெனால் தென் காஸ்டெல், ஃபோர்னெல்ஸ், சியுதடெயா என்று. ஃபோர்னெல்ஸுக்கும் கலா மொரெய்க்கும் நடுவில் அறை கிடைப்பது அரிது. இன்னொன்று, நடுவில் ஒரே ஊரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் போய்வருவது. மாவோ சியுதடெயா பஸ் அலையோர், எஸ் மெர்கதால், ஃபெரேரீஸ் வழியாக ஓடுகிறது. கடலோர ஊர்களுக்கு அங்கங்கே பிரியும் பஸ்களில் பல மே முதல் அக்டோபர் வரைதான். எல்ஸ் அலோக்ஸுக்குப் பஸ்ஸே கிடையாது. அந்தக் கட்டத்துக்கு டாக்சி அல்லது நடப்பவர்களை ஏற்றி இறக்கும் வேன் சேவையை முன்பதிவு செய்ய வேண்டும். பையை மட்டும் அடுத்த விடுதிக்குக் கொண்டு சேர்ப்பவர்களும் உண்டு.

குடும்பத்தோடு போனால் இரண்டாவது வழிதான் நிம்மதி.

நாங்க சுத்த சைவம். சமாளிச்சுடலாமா?

சமாளிக்கலாம், இரண்டு மூன்று விஷயம் தெரிந்திருந்தால். காலையில் எல்லாக் கடையிலும் சுருள் சுருளாக, மேலே சர்க்கரைப் பொடி தூவி, என்சைமாடா என்ற ரொட்டி இருக்கும். பார்க்கச் சைவம்தான். அதில் சேர்ப்பது பன்றிக் கொழுப்பு. தீவின் புகழ்பெற்ற மாவோ பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்க விலங்கிலிருந்து எடுத்த ரென்னெட் பயன்படுவது வழக்கம். முட்டை, பால் பற்றி மட்டும் கேட்டால் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது ஒலியைகுவா. தக்காளி, வெங்காயம், பூண்டு, குடைமிளகாயை ஒலிவ எண்ணெயில் வதக்கித் தண்ணீர் ஊற்றி, கொதி வராமல் சூடாக்கி, மெல்லிய ரொட்டித் துண்டுகள்மேல் ஊற்றித் தருவார்கள். கோடையில் கூட அத்திப்பழமும் வைப்பார்கள். ஏழை விவசாயிகளின் சாப்பாடு, நடந்து களைத்த வயிற்றுக்கு அவ்வளவு இதம். அசைவக்காரர்களுக்கு ஃபோர்னெல்ஸில் கல் இறால் குழம்பு பெயர்பெற்றது, விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். மதியச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போவதுதான் எப்படியும் நல்லது. காரணம் தண்ணீருக்குச் சொன்னதேதான்.

ஷூ எப்படி இருக்கணும்?

அடிப்பாகம் தடித்த ஓட்ட ஷூ போதும், கனமான பூட்ஸ் வேண்டாம். செருப்போடு மட்டும் போகாதீர்கள். புந்தா நாத்திப் பக்கம் சுண்ணாம்புப் பாறை கத்தி முனையாக நிற்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

கடற்கரையில கறுப்பா குப்பை குவிஞ்சு கிடக்கே, சுத்தம் பண்ண மாட்டாங்களா?

அது குப்பை இல்லை. பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலைகள். பாசி என்று நினைப்பார்கள், பூத்துக் காய்க்கும் செடி அது. கடலடியில் இந்தப் புல்வெளிகள் இருப்பதால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கரையில் குவியும் இலை, குளிர்கால அலை மணலை அரித்துப் போகாமல் தடுக்கிறது. பலேரிக் அரசு 2018இல் இதற்கென்றே பாதுகாப்பு ஆணை போட்டது. படகுகள் அந்தப் புல்லின் மேல் நங்கூரம் போடக் கூடாது. நாற்றம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

பாம்பு, பூச்சி பயம் உண்டா? பொண்ணுங்க தனியா நடக்கலாமா?

ஆபத்தான விஷப் பாம்பு கிடையாது. புதருக்குள் சரசரவென்று சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால், பெரும்பாலும் அது ஒரு தரை ஆமை. எடுத்துப் பையில் போடக் கூடாது, சட்டப்படி குற்றம். வானத்தைப் பார்த்தால் மஞ்சள்முகப் பாறு வட்டமிடும். ஒரு காலத்தில் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து உணவு வாங்கிப்போன அதே இனம். அங்கே வராமல் போய்விட்டது. மெனோர்காவில் வலசைகூடப் போகாமல் வருடம் முழுவதும் இருக்கிறது. எனக்கு அந்தத் தீவில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான்.

பெண்கள் தனியாக நடப்பது அங்கே சாதாரணம். ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ஒதுக்குப்புறக் குடாக்களில் சிலர் ஆடையில்லாமல் குளிப்பார்கள். அங்கே அது இயல்பு, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள், போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

டிரமுந்தானா காத்துன்னு பயமுறுத்துறாங்களே?

வடக்கிலிருந்து அடிக்கும் காற்று. மரங்களெல்லாம் தெற்கே சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்த்தாலே அதன் பலம் புரியும். அடிக்கும் நாளில் வடக்குக் கரையில் நடையும் சிரமம், குளிப்பது ஆபத்து. தெற்கே அதே நேரம் கடல் அமைதியாக இருக்கும். தெற்குக் காற்றென்றால் நேர்மாறு. அதனால் கட்டங்களை 1, 2, 3 என்ற வரிசையிலேயே நடக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மேலே சொன்ன ‘ஒரே ஊரில் தங்கும்’ வழியில் இந்த வசதியும் இருக்கிறது.

இலையுதிர் காலத்தில் திடீர்ப் பெருமழை வரும். மழை எச்சரிக்கை இருந்தால் தெற்கின் பள்ளத்தாக்குகளில் இறங்காதீர்கள். சியுதடெயாத் துறைமுகத்தில் ‘ரிசாகா’ என்று இன்னொரு விசித்திரம் உண்டு. காற்றழுத்த மாற்றத்தால் கடல்நீர் நிமிடங்களில் வடிந்து, பாய்ந்து திரும்பும். 2006 ஜூன் 15 அன்று வந்ததில் ஏராளமான படகுகள் நொறுங்கின.

பாதை யாரோ ஒருத்தர் தோட்டத்துக்குள்ள போகுது, கேட் வேற போட்டிருக்கு. உள்ளே போனா திட்டுவாங்களா?

திட்டமாட்டார்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அது சும்மா வந்ததில்லை. பாதை நெடுகத் தனியார் பண்ணைகள். 20ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் உரிமையாளர்கள் அடைத்துவிட்டார்கள். தீவு மக்கள் அணி திரண்டு, தடுத்த இடங்களிலேயே நடந்து போராடினார்கள். 2000இல் பலேரிக் நாடாளுமன்றம் பொதுமக்கள் இந்தப் பாதையில் போகும் உரிமையைச் சட்டமாக்கியது. 2010இல்தான் முழுச் சுற்றும் திறந்தது. இன்றும் கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒருவருடைய வயல், ஒருவருடைய மாடு.

கேட்டைக் கவனியுங்கள். காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கிளைகளை நேராக்காமல் அப்படியே சேர்த்து, கையால் செய்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. தாழும் மரம்தான். தூக்கினால் திறக்கும், விட்டால் ‘டொக்’ என்று விழும். அந்தச் சத்தம் கேட்ட பிறகே நகருங்கள், இல்லாவிட்டால் மாடு வெளியே போய்விடும். கல் சுவரில் ஏறாதீர்கள், ஒரு கல் சரிந்தால் வரிசையே சரியும். தாண்ட வேண்டிய இடத்தில் சுவரிலிருந்தே படிக்கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

விசா எப்படி?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா. பயணத்தில் அதிக நாள் ஸ்பெயினில் என்றால் ஸ்பெயினிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், தங்குமிடச் சான்றும் காட்ட வேண்டும். ‘போய் பார்த்துக்கலாம்’ என்று அறை போடாமல் விடுவது இங்கேயே சிக்கலாகிவிடும்.

நடு வழியில கால் சுளுக்கிடுச்சுன்னா என்ன பண்றது?

112 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். போன் வரைபடத்தில் உங்கள் இருப்பிட எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள், ‘ஒரு சின்னக் கடற்கரை’ என்றால் அவர்களுக்கு விளங்காது. சில குடாக்களில் சிக்னல் கிடைக்காது, மேட்டுக்கு ஏறினால் வரும். ஏற முடியாத நிலை என்றால் அடுத்து வருபவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான், அதற்காகவாவது தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துத் தீர்க்காதீர்கள்.

நடந்து வெளியேற முடிந்தால், பினிமெலா, எல்ஸ் அலோக்ஸ், அல்கயாரென்ஸ் மூன்றிலிருந்தும் உள்நோக்கிப் போகும் வண்டித்தடம் உண்டு. பிலார் கடற்கரையிலிருந்து காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை ஒரு வாகன நிறுத்தத்தில் முடிகிறது. கிளம்பும் முன் இந்த நான்கையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எந்தக் கட்டம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதிக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.